ஃபிராகாவில் வரைந்த நான்காம் பிலிப்: அங்கி மின்னுகிறது, முகம் ஏன் பேசவில்லை?

கரிக்கோல்
நியூயார்க்கின் ஃபிரிக் காட்சியகம் புதுப்பிப்பு வேலை முடிந்து 2025இல் திறந்த பிறகு, அங்குள்ள, ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்குவெஸின் ஓவியம் ஒன்று அடிக்கடி கண்ணில் படுகிறது. ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப், 1644. துணியில் எண்ணெய் வண்ணம், ஏறக்குறைய 130 செ.மீ. உயரம், 99 செ.மீ. அகலம். வெள்ளிச் சரிகை நிறைந்த ரோஜாச் சிவப்பு மேலங்கி, தோளில் பரந்து விழும் வெள்ளைப் பின்னல் கழுத்துப்பட்டை, ஒரு கையில் தளபதியின் கோல், மறு கையில் சிவப்பு இறகு வைத்த தொப்பி. பின்னால் வெறும் இருட்டுப் பழுப்பு. கிரீடம், சிம்மாசனம், திரைச்சீலை, தூண் எதுவுமே கிடையாது.

எனக்குப் புரியாதது முகம்தான். அங்கியில் அவ்வளவு துடிப்பு, முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கோபம் இல்லை, பெருமிதம் இல்லை, களைப்பு கூட இல்லை. வெலாஸ்குவெஸ் சாதாரண மனிதர்களை வரைந்த படங்களில் முகம் எப்படியெல்லாம் பேசும் என்று நமக்குத் தெரியும். மன்னர் என்றதும் கை கட்டுப்பட்டுவிட்டதா? அல்லது நான் பார்க்கத் தவறும் ஏதாவது இருக்கிறதா? இந்தப் படத்தோடு நிறைய நேரம் செலவிட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி
நல்ல கேள்வி கரிக்கோல். முகத்துக்கு வருவதற்கு முன்னால் 1644 எப்படிப்பட்ட ஆண்டு என்று சொல்லிவிடுகிறேன்.

1640இல் இந்த மன்னருக்கு இரண்டு பக்கமும் தீப்பிடித்தது. ஜூனில் ஸ்பெயினின் வடகிழக்கிலுள்ள கட்டலோனியாவில் கலகம். பார்சிலோனாவில் மன்னரின் பிரதிநிதியே கொல்லப்பட்டார். டிசம்பரில் போர்ச்சுகல் பிரிந்துபோய்த் தனக்கென ஒரு மன்னரை அறிவித்துக்கொண்டது. கட்டலோனியர்கள் பிரான்சோடு சேர்ந்தார்கள். 1643 ஜனவரியில், இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆட்சியைக் கையில் வைத்திருந்த ஒலிவாரெஸ் கோமகன் பதவியிழந்தார். அதே ஆண்டு மே மாதம் ரோக்ருவா போரில் ஸ்பெயினின் புகழ்பெற்ற காலாட்படை பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்றது. அதுவரை அமைச்சரை நம்பி அரண்மனையில் இருந்த மன்னர் தானே போர்முனைப் பக்கம் வந்து நிற்க வேண்டிய நிலை.

1644இல் இலக்கு கட்டலோனியாவின் லெரிடா நகரம். அதை ஸ்பெயின் படை முற்றுகையிட்டபோது மன்னர் பக்கத்தில் அரகோன் எல்லையிலிருந்த ஃபிராகாவில் தங்கினார். வெலாஸ்குவெஸும் பரிவாரத்தோடு போயிருந்தார். ஜூன் மாதம் மன்னர் மூன்று முறை அவர் முன் நின்றார் என்று அரண்மனைக் கணக்குகளிலிருந்து தெரிகிறது. அந்தக் கணக்குகளில் எனக்கு மிகப் பிடித்தது இடத்தைப் பற்றிய செய்தி. ஓவியருக்குக் கிடைத்தது இடிந்து கிடந்த ஓர் அறை. வெளிச்சம் வர ஜன்னல் திறக்க வேண்டியிருந்தது, தரையில் கோரை பரப்ப வேண்டியிருந்தது. அதற்கெல்லாம் ஆன செலவு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

ஆக, இந்தப் பளபளப்புக்குப் பின்னால் இருப்பது மாட்ரிட் அரண்மனை இல்லை. சுவர் பெயர்ந்த ஓர் அறையும் சற்றுத் தொலைவில் நடக்கும் முற்றுகையும்.

எண்ணெய்க்கிண்ணம்
நான் எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் வரைகிறவள், அதனால் செய்முறைப் பக்கமிருந்து சொல்கிறேன்.

கரிக்கோல், அந்தச் சரிகையை முடிந்தவரை பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே சரிகை இருக்காது. கனமான வெள்ளைப் புள்ளி, சாம்பல் நிறக் கீற்று, நடுநடுவே லேசாக மஞ்சள் கலந்த ஒரு தீற்றல், அவ்வளவுதான். அரிசி மாவை விரல் நுனியால் தெளித்துவிட்டுப் போனதுபோல இருக்கும். ஒரு பூவின் வடிவமோ கொடியின் வடிவமோ எந்த இடத்திலும் முழுதாக வரையப்படவில்லை. நாலைந்து அடி பின்னால் போனால் அதே புள்ளிகள் வெள்ளி நூலாகி, துணியின் மடிப்போடு சேர்ந்து வளைகின்றன. ஒவ்வொரு நூலும் எங்கே போகிறது என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. அதன்மேல் விழும் வெளிச்சம் எங்கே வெட்டும், எங்கே மங்கும் என்பதில்தான் கவனம்.

இந்தக் கை அவருக்கு ஒரே நாளில் வந்ததில்லை. 1629இல் இத்தாலி போய் 1631 தொடக்கத்தில் திரும்பினார். அங்கே வெனிஸ் ஓவியர்களைப் பார்த்தது அவருடைய தூரிகையைத் தளர்த்தியது. அதன் பிறகு அவர் துணிக்குப் பூசும் அடிப்பூச்சும் மெல்ல மாறுகிறது. முதலில் கறுத்த பழுப்பு மண் நிறம். பின்னால் ஈய வெள்ளை கலந்த வெளிர் நிறம். அடிப்பூச்சு வெளுத்தால் மேலே வண்ணத்தை மெல்லிசாக ஓட்டலாம், உள்ளிருந்து வெளிச்சம் வருவதுபோலத் தெரியும். ஃபிராகா படத்தின் அந்தச் சிவப்பு கனக்காமல் மிதப்பதற்கு இந்த மெல்லிய பூச்சு முக்கியம்.

2009-10இல் இந்தப் படத்தை மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சுத்தம் செய்தார்கள். பழுத்துப்போன வார்னிஷ் போனதும் வெள்ளியின் குளிர்ச்சி திரும்பி வந்தது. பழைய புத்தகங்களில் இந்த அங்கி செங்கல் நிறமாகத் தெரியும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இப்போது முகம். கழுத்துக்குக் கீழே அப்படித் தெறித்து ஓடும் தூரிகை, முகத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து, ஒரு தீற்றலுக்கும் அடுத்ததற்கும் நடுவே கோடே தெரியாதபடி வண்ணத்தை உருக்கி இணைக்கிறது. தாடையை, அந்தத் தடித்த கீழுதட்டை அவர் குறைத்து வரையவில்லை. நிழலும் மிகக் குறைவு. நிழல் போட்டால் முகத்துக்கு நாடகம் வந்துவிடும், அதை அவர் வேண்டாம் என்றிருக்கிறார். ஒரே படத்துக்குள் இரண்டு விதமாக வரைவது கடினமான காரியம், கொஞ்சம் பிசகினாலும் தலை வேறு, உடல் வேறு என்று பிரிந்துவிடும். இங்கே பிரியவில்லை. கை கட்டுப்பட்ட ஓவியரால் இது முடியாது.

செங்கல்சூளை
எல்லாம் அழகாகச் சொல்கிறீர்கள். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இது போர்க்காலப் பிரச்சாரம். முற்றுகை என்றால் உள்ளே இருப்பவர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று பொருள். கட்டலோனியாவில் கலகம் வெடித்ததற்குக் காரணமே, படைகளைக் குடியானவர்களின் வீடுகளில் தங்கவைத்து அவர்கள் தலையில் செலவைக் கட்டியதுதான். அந்த மக்களுக்கு எதிராக நடந்த போரில் மன்னர் பட்டும் வெள்ளியுமாக நிற்கிறார். கையில் கோல் இருக்கிறது, அங்கியில் ஒரு துளி சேறு இல்லை. தூரிகை எவ்வளவு சுதந்திரமாக ஓடினாலும் அது ஓடியது யாருக்காக? சரிகையின் அழகில் மயங்கி இதைக் கேட்காமல் விட்டால், அந்தப் படம் 1644இல் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை நம்மிடமும் செய்து முடிக்கிறது.

ஏட்டுச்சுவடி
செங்கல்சூளை, படைகளைக் குடிவைத்தது பற்றி நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. பிரச்சாரம் என்பதும் உண்மை. அது எப்படி வேலை செய்தது என்பதற்கு ஆதாரமே இருக்கிறது.

படம் முடிந்ததும் மாட்ரிட்டில் இருந்த அரசி இசபெல்லுக்கு அனுப்பப்பட்டது. ஜூலை இறுதியில் லெரிடா பணிந்தது. ஆகஸ்டில், மாட்ரிட்டில் வாழ்ந்த கட்டலோனியர்கள் சான் மார்ட்டின் தேவாலயத்தில் வெற்றி விழா எடுத்தார்கள். அந்த விழாவில் இந்த ஓவியத்தைப் பொன் வேலை செய்த விதானத்தின் கீழே மாட்டினார்கள். பார்க்கக் கூட்டம் வந்தது, உடனே பிரதிகள் எடுக்கத் தொடங்கினார்கள் என்று அன்றைய செய்திக் குறிப்பு சொல்கிறது. விழா எடுத்தவர்கள் யார் என்று கவனியுங்கள். கலகம் செய்த நாட்டைச் சேர்ந்தவர்கள், தலைநகரில் தங்கள் விசுவாசத்தை எல்லாரும் பார்க்கக் காட்ட வேண்டிய இடத்தில் இருந்தவர்கள். மன்னர் நேரில் இல்லாத ஊரில் அந்தத் துணி மன்னராக நின்றது. நாம் அருங்காட்சியகச் சுவரில் பார்ப்பதால் இந்தப் பயன் நமக்கு மறந்துபோகிறது.

சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அரண்மனையில் பிலிப் பெரும்பாலும் கறுப்புதான் அணிவார். 1623இல் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டு, மடிப்பு மடிப்பாக விரியும் பெரிய கழுத்துப்பட்டையைத் தடைசெய்தவர் அவர். அதற்குப் பதிலாக விறைப்பான எளிய கழுத்துப்பட்டை வழக்கத்துக்கு வந்தது. சிவப்பும் பின்னல் வேலையும் போர்க்களத்து உடை. ஸ்பெயின் தளபதிகளின் அடையாள நிறம் சிவப்பு. அவருடைய கொள்ளுத்தாத்தா ஐந்தாம் சார்லஸை வெனிஸ் ஓவியர் டிஷியன் 1548இல் குதிரைமேல் வரைந்த படத்திலும் கவசத்துக்கு மேல் சிவப்புப் பட்டையைப் பார்க்கலாம். அந்தப் படம் மாட்ரிட் அரண்மனையிலேயே இருந்தது. பிலிப்பும் வெலாஸ்குவெஸும் பார்த்துப் பழகிய நிறம் அது என்றே சொல்லலாம்.

நல்லூர்க்காற்று
இந்த மன்னருக்கும் எங்கட ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கு, அதை ஒருவரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

1580 முதல் 1640 வரை ஸ்பெயின் மன்னரே போர்ச்சுகலுக்கும் மன்னர். போர்த்துக்கீசர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியது 1619இல், இவருடைய தகப்பன் காலத்தில். 1621இல் இவர் முடிசூடியபோது யாழ்ப்பாணமும் மன்னாரும், அந்தப் பக்கம் நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் காகிதத்தில் இவருடைய முடிக்குக் கீழேதான் இருந்தன. அந்த ஆண்டுகளில் எங்கள் கோயில்கள் இடிக்கப்பட்ட வரலாறு இங்கே எல்லாருக்கும் தெரியும். 1640 டிசம்பரில் போர்ச்சுகல் பிரிந்தபோது இந்தக் கரைகளும் அதோடு போய்விட்டன.

ஃபிராகாவில் கோலோடு நிற்கும் இந்த மனிதர் நாலு வருடத்துக்கு முன்னர்தான் அவ்வளவையும் இழந்தவர். செங்கல்சூளையின்ட கோபம் எனக்கு விளங்குது. எனக்கும் இந்த முகத்தைப் பார்க்க இரக்கம் வரவில்லை. ஆனால் பார்க்காமல் விடவும் ஏலாமல் இருக்கு.

கரிக்கோல்
நல்லூர்க்காற்று, இது எனக்குப் புதிய செய்தி, மிக்க நன்றி. நம் கரையையும் இந்தப் படத்தையும் நான் சேர்த்து நினைத்ததே இல்லை.

அக்கா, நிழலைக் குறைத்ததும் வண்ணத்தை உருக்கியதும் தெரிந்தே செய்த முடிவுகள் என்கிறீர்கள். அப்படியானால் எதற்காக? இந்த ஒரு படத்தில் மட்டும் அப்படியா, இந்த மன்னரை வரைந்தபோதெல்லாம் அப்படியா?

எண்ணெய்க்கிண்ணம்
எல்லாவற்றிலும் அப்படித்தான் தம்பி. தனியாகப் பார்த்தால் இது பிடிபடாது, வரிசையாகப் பார்க்க வேண்டும்.

வெலாஸ்குவெஸ் செவில்லிலிருந்து வந்து 1623இல் அரசவை ஓவியர் ஆனபோது அவருக்கு 24 வயது, மன்னருக்கு 18. அப்போது தொடங்கிய உறவு 1660இல் ஓவியர் இறக்கும் வரை நீடித்தது. முதல் முழு உருவப்படங்களில் ஒன்று மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பு உடை, கையில் மடித்த காகிதம், பக்கத்தில் மேசை. நிர்வாகமும் நீதியும் என் கடமை என்று சொல்லும் நிற்பு. அதை அவரே சில ஆண்டுகள் கழித்துத் திருத்தினார். கால்களையும் மேலாடையையும் ஒடுக்கி உருவத்தை மெலிய வைத்தார். பழைய கோடுகளின் தடம் இன்றைக்கும் வெறும் கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு திருத்தத்திலும் அவர் கூட்டவில்லை, குறைத்திருக்கிறார்.

அடுத்து லண்டன் தேசியக் காட்சியகத்தின் பழுப்பும் வெள்ளியும் படம், 1631-32 வாக்கில் வரைந்தது. இத்தாலியிலிருந்து வந்த கையோடு செய்தது. உடை முழுக்க வெள்ளி வேலை, ஃபிராகா சரிகைக்கு ஒத்திகை அங்கேதான் நடந்திருக்கிறது. மன்னர் கையிலிருக்கும் காகிதம் ஓவியர் கொடுத்த மனு. அதில் வெலாஸ்குவெஸ் தன் பெயரை எழுதியிருக்கிறார். மிக அரிதாகவே கையெழுத்துப் போடும் ஓவியர் அவர் என்பதால் இது அபூர்வம். அந்தப் படத்திலும் உடை மின்னும், முகம் அசையாது.

ஏன் என்றால், அந்த அரசவையில் மன்னர் அசையாமல் இருப்பதே மரபு. தூதர்களைச் சந்திக்கும்போது பிலிப் சிலைபோல நிற்பார், உதடு மட்டும் அசையும் என்று வெளிநாட்டார் வியந்து எழுதியிருக்கிறார்கள். எதற்கும் முகம் மாறாதவர்தான் மன்னர் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த அமைதியை வரைவது வெலாஸ்குவெஸின் வேலை. சராசரி ஓவியர் கையில் அது பொம்மை முகமாகியிருக்கும். இவர் கையில், ஒரு மனிதர் முயற்சி எடுத்து வைத்துக்கொண்டிருக்கும் முகமாகிறது. 39 வயதில், பாதி ராஜ்யம் கையைவிட்டுப் போன நேரத்தில், இடிந்த அறையில் மூன்று முறை வந்து நின்று அந்த முகத்தை விடாமல் பிடித்திருக்கிறார். எனக்கு இந்தப் படம் கம்பீரமாகத் தெரிவது அதனால்தான். அங்கியால் இல்லை.

செங்கல்சூளை
அக்கா, வரிசையாகப் பார்க்கச் சொன்னீர்கள். அந்த வரிசையில் 1635 வாக்கில் வரைந்த குதிரைப் படத்தையும் வையுங்கள். புவென் ரெத்திரோ அரண்மனையின் பெரிய மண்டபத்துக்காகச் செய்தது, இப்போது பிராடோவில். கவசம் போட்டு, முன்னங்கால் தூக்கிய குதிரையின் மேல் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறார். அதுவரை அவர் ஒரு போர்முனையும் கண்டதில்லை. அங்கேயும் அதே அசையாத முகம். போருக்குப் போகாதபோதும் அதே முகம், போன பிறகும் அதே முகம் என்றால், அதை முயற்சி என்று எப்படிப் படிப்பது? 1644இன் வரலாறு நமக்குத் தெரிந்ததால் நாம் அந்த முகத்தில் ஏற்றிப் படிக்கிறோமோ என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். குதிரைப் படத்தில் பின்னால் மலையும் வானமும் விரிந்து கிடக்கின்றன, ராஜ்யம் அவருக்குப் பின்னால் இருக்கிறது. ஃபிராகாவில் பின்னால் ஒன்றும் இல்லை. அந்த வெறுமைதான் எனக்கு இந்தப் படத்தில் நேர்மையான பகுதி.

தாழம்பூ
தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். செங்கல்சூளையின் சந்தேகத்துக்கு, மன்னரே எழுதிய ஒரு வரியிலிருந்து ஓரளவு பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

ஃபிராகாவுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். படம் அரசியிடம் போய்ச் சேர்ந்த சில மாதங்களில், 1644 அக்டோபரில், அரசி இசபெல் இறந்தார். 1646 அக்டோபரில் பட்டத்து இளவரசன் பல்தசார் கார்லோஸ் சரகோசாவில் இறந்தான், வயது 16. அதன் பிறகு மன்னர் தன்னை வரையவே விடவில்லை. 1653 ஜூலையில், கன்னிமடத்தில் சேர்ந்திருந்த ஒரு பழைய அரண்மனைப் பெண்மணிக்கு எழுதிய கடிதத்தில் காரணம் சொல்கிறார். ஒன்பது ஆண்டுகளாகத் தன் படம் வரையப்படவில்லை என்கிறார். வெலாஸ்குவெஸின் மந்தமான வேகத்துக்கு ஈடுகொடுக்க மனமில்லை, தான் முதுமை அடைவதைப் பார்க்கவும் விருப்பமில்லை என்கிறார்.

1653இலிருந்து ஒன்பதைக் கழியுங்கள், ஃபிராகா வந்துவிடும். தான் கடைசியாக நின்றது எந்தப் படத்துக்கு என்பது அவருக்கு நினைவிருக்கிறது. வெலாஸ்குவெஸ் வரைந்தால் வயது தெரியும் என்பதும் தெரிந்திருக்கிறது. அழகுபடுத்தித் தரும் ஓவியராக அவரை நினைத்திருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது.

அப்புறம் ஒருவழியாக மனம் மாறி நின்றார். 1650களின் நடுவில் வந்த மார்பளவுப் படங்கள் இரண்டு, ஒன்று பிராடோவில், மற்றொன்று லண்டனில். கறுப்பு உடை, கோல் இல்லை, தொப்பி இல்லை. கண்ணுக்குக் கீழே வீக்கம், கன்னம் தளர்ந்திருக்கிறது, மீசை மட்டும் மேலே முறுக்கி நிற்கிறது. ஃபிராகா முகத்தை அதன் பக்கத்தில் வைத்தால், 1644இல் அந்தத் தசைகள் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்தன என்று கண்கூடாகத் தெரிகிறது.

ஏட்டுச்சுவடி
தாழம்பூ, அந்தக் கடிதத்தை இங்கே கொண்டுவந்ததற்கு நன்றி.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இதே படத்தின் இன்னொரு பிரதி லண்டனின் டல்விச் காட்சியகத்தில் இருக்கிறது. வெகுகாலம் அதுதான் மூலம் என்று நம்பினார்கள். இத்தாலியின் பார்மா பிரபுக் குடும்பத்திடம் இருந்த படம் 1911இல் வெளியே வந்து ஃபிரிக் அதை வாங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. பெரிதாக்கிப் பார்க்கும்போது எந்தக் காட்சியகத்தின் படம் என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். டல்விச் பிரதியில் சரிகை ஒழுங்காக, கவனமாக இருக்கிறது. அக்கா சொன்ன அந்தத் தெறிப்பு அதில் இல்லை.

அதே ஃபிராகாவில், எல் பிரிமோ என்று அழைக்கப்பட்ட அரண்மனைக் குள்ளர் ஒருவரையும் வெலாஸ்குவெஸ் வரைந்து மாட்ரிட்டுக்கு அனுப்பியிருக்கிறார். இன்று நம்மிடம் இருக்கும் குள்ளர் படங்களில் அது எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒரே முற்றுகைக் காலத்தில் மன்னரும் அவரும் ஒரே ஓவியர் முன் இருந்திருக்கிறார்கள். அந்தக் குள்ளர் படங்களில் முகம் பேசுகிறது, மன்னர் படத்தில் பேசவில்லை. கரிக்கோலின் முதல் கேள்வி இந்த இடத்தில்தான் கூர்மையாகிறது.

கரிக்கோல்
தாழம்பூ சொன்னபடி செய்து பார்த்தேன். 1623, 1631-32, 1644, லண்டன் மார்பளவுப் படம், நான்கிலும் முகத்தை மட்டும் வெட்டி, கண்கள் ஒரே மட்டத்தில் வரும்படி வைத்து இணைத்திருக்கிறேன். ஃபிராகா முகத்தை இப்போது வெறுமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடது ஓரத்திலிருக்கும் 18 வயது முகம்தான் வெறுமையாகத் தெரிகிறது.

செங்கல்சூளை
பார்த்தேன், நல்ல வேலை. குதிரைப் படத்தின் முகத்தையும் நடுவில் சேருங்கள் கரிக்கோல், அது பக்கவாட்டு முகம் என்றாலும் பரவாயில்லை. அதைச் சேர்த்த பிறகும் அக்கா சொல்வது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எண்ணெய்க்கிண்ணம்
சேருங்கள் தம்பி, நானும் பார்க்கிறேன். கூடவே நான்கு படங்களின் கழுத்துப்பட்டைகளையும் தனியே வெட்டிப் போடுங்கள். விறைத்த பட்டை முகத்தைத் தட்டில் ஏந்தியதுபோல உடலிலிருந்து பிரித்துக் காட்டும். ஃபிராகாவில் மட்டும் பின்னல் தளர்ந்து தோளில் விழுவதால் தலை உடலோடு சேர்ந்து நிற்கிறது. முகம் வேறுபட்டுத் தெரிவதில் அதற்கும் பங்கு இருக்கிறது.